"அந்தப் பேச்சை எடுக்காதே" என்ற வீட்டு வைத்தியம்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. சாலை விபத்தில் கூடப் போன மச்சினன் இறந்து, ஒருவர் மட்டும் பிழைத்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 16 நாள் அவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் பட்டாலையில் உட்கார்ந்ததும் "எப்படி நடந்துச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். லாரி எந்தப் பக்கம் வந்தது, வண்டியை யார் ஓட்டினது, ஹெல்மெட் போட்டிருந்தாரா, உடனே உயிர் போச்சா, ஏதாவது பேசினாரா. கருமாதி முடிந்ததும் எல்லாம் தலைகீழாகும். இனி அந்தப் பேச்சே கூடாது என்று வீடு தீர்மானித்துவிடும். வண்டி கைமாறும். இறந்தவரின் படம் இரண்டாம் கட்டுக்குப் போகும். விபத்து தேவகோட்டைச் சாலையில் நடந்ததென்றால், அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குக்கூடச் சுற்றுவழியில் போவார்கள், அல்லது "நீ வீட்லயே இருப்பா, நாங்க மொய் எழுதிட்டு வந்துடுறோம்" என்பார்கள்.

இரண்டையும் பாசத்தில்தான் செய்கிறார்கள். முதலாவது ஆறாத காயத்தைக் கிளறுகிறது. ஆனால் சில நாளில் முடிந்துவிடும். இரண்டாவது வருடக்கணக்கில் ஓடும். பி.டி.எஸ்.டி. என்கிற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு நிலைத்துவிடுவதற்கு இந்த ஒதுக்கிவைத்தல்தான் பெரிய தீனி. ஆகவே இங்கே அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியது 1980-இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். முதல் உலகப் போரின்போதே, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் இதுபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பெரும்பகுதியினர் காட்டுவழியில், கால்நடையாக. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்களும், அவர்களிடம் வேலைக்குப் போன பிற சாதியாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அப்படித் திரும்பி வந்த ஐயாவை (தாத்தாவை)ப் பற்றிக் கேட்டால் "அவுக அதிகம் பேச மாட்டாக" என்பதோடு முடித்துக்கொள்கிற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. பேசாமை குணமாகப் பெயர் வாங்கிவிட்டது. அது அறிகுறியாகவும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதிர்ச்சியைச் சந்தித்த எல்லோருக்கும் இந்த நோய் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தகைய கொடிய நிகழ்வைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் போரில் சிக்கியவர்களிடமும் இந்த விகிதம் கூடுதல். இங்கே 'அதிர்ச்சி' என்றால் கடன் சுமையோ, பரீட்சையில் தோற்றதோ, சம்பந்தம் முறிந்ததோ அல்ல. உயிருக்கு ஆபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்திருக்க வேண்டும். தனக்கே நேர்ந்திருக்கலாம். கண்முன் பிறருக்கு நடந்ததைப் பார்த்திருக்கலாம். சிராவயல் மஞ்சுவிரட்டில் பக்கத்தில் நின்றவரை மாடு குத்தித் தூக்கியதைப் பார்த்தவருக்கும் இது வரலாம். நெருங்கிய உறவினர் கோரமாக இறந்த செய்தியைக் கேட்டதாலும் வரலாம். 108 ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், பிணவறைப் பணியாளர் போன்றோருக்குத் தொழிலே அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து முன்னால் போடுகிறது.

பேரேடு எழுதிப் பழகிய ஊர் என்பதால் இப்படிச் சொல்லலாம். சாதாரண நினைவு மூளையில் தேதி போட்டுப் பதிவாகிறது: இன்ன நாள், இன்ன இடம், நடந்தது, முடிந்தது. பேரதிர்ச்சியின்போது பயத்தைக் கையாளும் அமிக்டலா உச்சத்தில் வேலை செய்கிறது. இடத்தையும் காலத்தையும் கோத்துப் பதியும் ஹிப்போகேம்பஸ் தடுமாறுகிறது. விளைவு, தேதி இல்லாத பற்று. எப்போது கண்ணில் பட்டாலும் இன்றைக்கே கட்ட வேண்டிய கடனாக எழுந்து நிற்கும். அதனால்தான் மூன்று வருடம் கழித்தும் பிரேக் சத்தம் கேட்டதும் அவருக்கு ஞாபகம் 'வருவதில்லை'. அவர் அந்த இடத்திலேயே மறுபடி நிற்கிறார். உடம்பு வியர்க்கிறது, மூச்சு இரைக்கிறது, டீசல் நெடி அடிக்கிறது.

அறிகுறிகளை நான்கு கட்டாகப் பார்க்கிறார்கள். அழையாமல் வரும் காட்சிகள், கெட்ட கனவுகள் முதலாவது. ஒதுங்கிப் போவது இரண்டாவது. மூன்றாவதுதான் வெளியே தெரியாதது: "என்னாலதான் எல்லாம்", "யாரையும் நம்ப முடியாது" என்கிற எண்ணம், குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டாலும் ஒன்றும் தோன்றாத மரத்த நிலை. நான்காவது, உடம்பு எப்போதும் காவல் நிற்பது. தூக்கம் வராது, சின்னதற்கெல்லாம் கோபம், கவனம் நிற்காது, கல்யாண ஊர்வலத்து வேட்டுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. அதற்கு முன் வருவது பெரும்பாலும் இயல்பான எதிர்வினை. சிலருக்கு ஆறு மாதம் கழித்து முழு வடிவம் எடுக்கும். அதனால் "அப்ப நல்லாத்தானே இருந்தான்" என்று சந்தேகப்பட வேண்டாம்.

நம் பக்கத்தில் நோயாளி இந்த வார்த்தைகளில் சொல்லவே மாட்டார். "நெஞ்சை அடைக்குது", "கை கால் மதமதன்னு இருக்கு", "வயித்துல எரிச்சல்" என்றுதான் டாக்டரிடம் போவார். இ.சி.ஜி. எடுப்பார்கள், சரியாக இருக்கும். எக்கோ பார்ப்பார்கள், அதுவும் சரியாக இருக்கும். ஒரு சத்து ஊசி, ஒரு கேஸ் மாத்திரை, தூங்குவதற்கு அல்பிரசோலம். "சமீபத்துல ஏதாவது பெருசா நடந்துச்சா?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும் என்று எழுதுகிற பழக்கம் போல, ஒரு மாதம் கழித்துத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு தேதி எழுதுகிற பழக்கமும் வர வேண்டும்.

அந்த ஒரு மாதம் கழித்து வீட்டார் கேட்க ஐந்து கேள்விகள் போதும். ஆரம்பச் சோதனைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கேள்விகள்தான் இவை. கடந்த ஒரு மாதத்தில் அது பற்றிக் கெட்ட கனவோ, வேண்டாத நினைவோ வந்ததா? நினைக்காமல் இருக்கவும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவும் பாடுபட்டீர்களா? எந்நேரமும் உஷாராக, எளிதில் திடுக்கிடுகிறவராக இருந்தீர்களா? மனிதர்களிடமிருந்தும் வேலையிலிருந்தும் மரத்து விலகிப் போனீர்களா? நடந்ததற்கு உங்களையோ பிறரையோ விடாமல் குற்றம் சொன்னீர்களா? மூன்று 'ஆமாம்' வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறதி, எரிச்சல், தூக்கக் கெடுதி மூளை அதிர்விலும் வரும்.

முதல் சில வாரங்களில் வீடு செய்யக்கூடியது எளிமையானது. சாப்பாடு, தூக்கம், பாதுகாப்பு, கூட ஒரு ஆள். அவராகப் பேசினால் கேளுங்கள், தோண்டாதீர்கள். சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு அது கெடுதலாகவும் முடிந்திருக்கிறது. அதனால் துக்க வீட்டில் விவரம் சொல்ல ஒரு பங்காளியை முகப்பிலேயே உட்கார வைத்துவிடுங்கள். வருகிறவர் கேள்வியெல்லாம் அவரோடு நிற்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சிசிடிவி வீடியோவை அழிக்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. அவை இந்த நோயைத் தடுப்பதில்லை, சில வாரத்திலேயே பழக்கமாகின்றன, பின்னால் வரும் சிகிச்சையையும் மழுங்கடிக்கின்றன. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இனி ஒதுங்கிப் போவதன் கணக்கு. தேவகோட்டைச் சாலையை நினைத்ததும் படபடப்பு ஏறுகிறது. போகவில்லை. உடனே நிம்மதி. மூளை என்ன கற்றுக்கொள்கிறது? 'போகாததால் பிழைத்தாய்' என்று. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் தூரத்திலேயே வரும். முதலில் அந்த வளைவு, பிறகு அந்தச் சாலை, பிறகு இருசக்கர வண்டி, பிறகு பஸ், கடைசியில் வீட்டு வாசல். வீட்டார் ஒவ்வொரு முறையும் "வேணாம்பா" என்று காப்பாற்றும்போது அந்தப் பாடத்தை உறுதிசெய்கிறார்கள்.

இதைத் திருப்புவதற்கு உலகெங்கும் பலன் தந்த முறை படிப்படியாக எதிர்கொள்வது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, வாரம் ஒன்று அல்லது இரண்டாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். அதில் ஒரு பாதி வெளியே செய்யும் பயிற்சி. பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு ஏணி போடுவார்கள். மச்சினனை இழந்த அந்தக் காரைக்குடிக்காரருக்கு ஏணி ஏறத்தாழ இப்படி இருக்கும்: முகப்பில் நிற்கும் வேறொரு வண்டியைத் துணியால் துடைப்பது, 25. ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டபடி நிற்பது, 35. நண்பர் ஓட்ட, தெருவுக்குள் பின்னால் உட்கார்ந்து போவது, 45. விடிகாலையில் ஊருணி வரை தானே ஓட்டுவது, 55. அதே சாலையில் பகலில் பஸ்ஸில், ஜன்னலோரம், 65. வண்டியில் அந்தச் சாலையின் முதல் டீக்கடை வரை, 75. சம்பவ இடத்தில், சாலையை விட்டு ஒதுங்கி, பாதுகாப்பாக நிற்பது, 90.

கீழ்ப்படியைத் தாண்டி மேலே தாவக் கூடாது. "ஒரே அடியா அங்கேயே கூட்டிட்டுப் போயிடுவோம், பயம் தெளிஞ்சிடும்" என்று மாமாக்கள் ஜீப் எடுப்பது பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும். ஒவ்வொரு படியிலும் 30 முதல் 45 நிமிடமாவது நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பினால் தப்பித்தல் பாடம்தான் மறுபடி பதியும். ஒரு படியைத் தினமும் செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை போதாது. போவதற்கு முன் 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என்று ஒரு வரி எழுதி, வந்த பிறகு என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொள்வது, போனில் முகத்தைப் புதைப்பது, மனைவியின் கையை விடாமல் பிடித்திருப்பது எல்லாம் சத்தமில்லாத ஒதுங்கல்கள். பயிற்சி பலிக்கவில்லை என்று சொல்கிறவரிடம் முதலில் இவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். ஹெல்மெட் இதில் சேராது, அது கட்டாயம்.

மறுபாதி, சிகிச்சையாளர் முன்னால் செய்வது. கண்ணை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில், முதலிலிருந்து கடைசி வரை, 30–45 நிமிடம் சொல்ல வேண்டும். சொன்னதைப் போனில் பதிந்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். துக்க வீட்டில் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே கேட்கிறவர் அவசரத்தில், இடையில் புகுந்து, பழி சுமத்தி, பாதியில் எழுந்து போவார். இங்கே சொல்கிறவர் கையில் வேகம் இருக்கிறது. சொல்லி முடித்த பிறகு அதை அலச நேரம் இருக்கிறது. இந்தப் பகுதியை வீட்டில் தாங்களாகவே செய்து பார்க்க வேண்டாம்.

சிலருக்குப் பயத்தை விடக் குற்ற உணர்வு பெரிது. "நான்தானே வண்டியில ஏறச் சொன்னேன்." அவர்களுக்குப் பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய, 12 அமர்வுகள் கொண்ட எண்ணச் சீராய்வுச் சிகிச்சை பொருந்தும். சிக்கி நிற்கும் அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி விசாரணை செய்வார்கள். ஏறச் சொன்ன நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும்? லாரி ஓட்டுநரின் பங்கு எவ்வளவு, இருட்டின் பங்கு எவ்வளவு? வேறொருவர் இதே நிலையில் இருந்தால் அவரையும் கொலைகாரன் என்பீர்களா? ஆனால் அறைக்குள் இந்த வேலை நடக்கும்போது வீட்டில் ஓர் அப்பத்தா "ராசியில்லாதவ வந்த நேரம்" என்று புருஷனை இழந்த பெண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் 12 அமர்வும் ஆற்றில் கரைத்த புளி. அந்த அப்பத்தாவையும் ஒரு நாள் மருத்துவரிடம் கூட்டிப் போய் உட்கார வைப்பது வீண் வேலை அல்ல.

கண் அசைவோடு நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. முறையாகப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் தயங்காமல் போகலாம்.

மந்திரித்துத் திருநீறு போடுவது, வேப்பிலை அடிப்பது, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுப்பது பற்றிக் கேட்பார்கள். "பய பயந்திருக்கான்" என்று ஊர் ஒப்புக்கொள்வதே ஒரு ஆதரவு. அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாத வரை தடுக்கத் தேவையில்லை. அடித்து, சங்கிலி போட்டு, பட்டினி போட்டுப் பேயோட்டுகிற இடங்களுக்கு மட்டும் போகவே கூடாது.

மாத்திரை என்றால் செர்ட்ரலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின். செர்ட்ரலினைப் பொதுவாக 25 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் 50 ஆக்குவார்கள். தேவைப்பட்டால் 200 வரை போகலாம். முதல் இரண்டு வாரம் குமட்டலும் ஒருவிதப் பரபரப்பும் வரும், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். சரியாக இந்த இடைவெளியில்தான் "மாத்திரை ஒத்துக்கலை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இவை அல்பிரசோலம் போல அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும். நன்றாகத் தேறிய பிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்கிறபடி பல வாரங்களில் குறைக்க வேண்டும். இளவயதினருக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

டாஸ்மாக் பற்றி ஒரு வார்த்தை. குடித்தால் முதல் மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வரும். விடிகாலையில் கனவுத் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வரும், கெட்ட கனவோடு. மறுநாள் அளவு கூடும். கனவுக்கு வேறு வழி இருக்கிறது: பகலில் கனவை எழுதி, முடிவை விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தைத் தினமும் 10–20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. சில வாரத்தில் பலருக்குக் கனவு குறைகிறது.

கண்முன் காட்சி எழுந்து அவர் உறைந்து நின்றால் பின்னாலிருந்து தொடாதீர்கள், உலுக்காதீர்கள். எதிரே வந்து, பேர் சொல்லி, "இது நம்ம வீடு, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் உன் அண்ணன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். வெறுங்காலை ஆத்தங்குடிக் கல்லில் வைத்துக் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்.

மேலே சொன்ன ஏணி, ஆபத்து முடிந்துவிட்டவர்களுக்கு. அடிக்கிற கணவனோடு இன்னும் அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பயம் நோய் அல்ல, எச்சரிக்கை. அவருக்கு முதலில் பாதுகாப்பு. மகளிர் உதவி எண் 181. குழந்தை என்றால் 1098. குழந்தைகள் பயத்தைச் சொல்ல மாட்டார்கள். விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பும், பொம்மைக் காரை மோதவிட்டு மோதவிட்டு ஒரே விளையாட்டை விளையாடுவார்கள். சிறுவயதிலிருந்து வருடக்கணக்கில் வன்முறையில் வாழ்ந்தவர்களுக்கு வருவதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியல் தனியாகப் பிரிக்கிறது. அதற்குச் சிகிச்சைக் காலம் கூடுதல்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று சீட்டு எழுதும் இடத்தில் கேளுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரவோ பகலோ பார்க்காமல் அழைக்க வேண்டும். உளவியலாளரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நடந்ததைப் பற்றியே பேசுவோமா, எத்தனை அமர்வு, வீட்டில் செய்யப் பயிற்சி தருவீர்களா? "பாசிட்டிவா இருங்க, யோகா பண்ணுங்க" என்பதோடு நின்றால் வேறு ஆளைப் பாருங்கள். நேரில் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பிலும் இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியும்.

சிகிச்சை முடிந்தவருக்கும் இரண்டு சமயங்களில் அறிகுறி எட்டிப் பார்க்கும்: தலைத்திவசம் வரும் வாரம், விபத்து வழக்கில் சாட்சி சொல்லும் தேதி. நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். காலண்டரில் முன்கூட்டியே குறித்து, அந்த வாரம் தூக்கத்தையும் மாத்திரையையும் தவறவிடாமல், பழைய ஏணியில் நடுப்படி ஒன்றைத் தினமும் ஒரு தடவை செய்தால் போதும். மூன்று, நான்கு வாரம் கழித்தும் அடங்கவில்லையென்றால் அதே மருத்துவரிடம் திரும்பப் போகலாம். இரண்டு மூன்று அமர்விலேயே சரியாகிறவர்கள் உண்டு.